ஹெப்சி டீச்சருக்கு வந்த ஐந்து மானிட்டர்கள்

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்தெருவில் உள்ள தொடக்கப்பள்ளியில் ஹெப்சி டீச்சர் மூன்றாம் வகுப்பு எடுக்கிறார். நூலகப் பொறுப்பும் அவருக்குத்தான். பெரிய படிப்பாளி என்பதால் கிடைத்த பொறுப்பல்ல. நூலகச் சாவி மாட்டும் ஆணி அவர் மேஜைக்கு நேர் மேலே இருந்தது. இதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

ஆசிரியர் கூட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது அவரால் ஆகாத காரியம். "நூலகத்துக்கு நாலஞ்சு பசங்கதான் வர்றாங்க. ஸ்கூல் திறந்ததும் சத்துணவு அரிசி மூட்டைய அங்க மாத்திடலாம்" என்றார் தலைமையாசிரியர் சரிதா, கோடை லீவுக்கு முந்தின கூட்டத்தில். "கம்ப்யூட்டர் வந்தா எல்லாரும் வருவாங்க மேடம், நான் ஏற்பாடு பண்றேன்" என்று ஹெப்சியின் வாய் சொல்லிவிட்டது. மூளைக்குத் தகவல் பிறகுதான் போனது. பள்ளி திறக்கும்போது கம்ப்யூட்டர் ஓட வேண்டும், இல்லாவிட்டால் அறை மூட்டைகளுக்கு என்று முடிவானது.

அந்த நாலைந்து பேரில் சின்மயி ஒருத்தி. வகுப்பில் வாயே திறக்காத பெண், நூலகத்தில் மட்டும் எழுத்துக் கூட்டி முணுமுணுப்பாள். அந்த இடமும் போய்விடுமே என்றுதான் ஹெப்சிக்கு மனசு ஆறவில்லை.

மே மாத வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கினார். பெயர் போடுவதாகச் சொன்னால்தான் நம் ஊரில் பையில் கை போகும் என்று தெரிந்த தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, "உங்க உபயம்னு பொருள் மேலயே எழுதிடறேன்" என்று போன இடமெல்லாம் வாக்குக் கொடுத்தார். எல்லோரும் பொருளாகவே வாங்கி அனுப்புவதாகச் சொன்னார்கள்.

அனுப்பவும் செய்தார்கள். பிரித்துப் பார்த்தால் ஐந்தும் மானிட்டர். கம்ப்யூட்டரை ஓட வைக்கும் சிபியு பெட்டி ஒன்றுகூட இல்லை.

மானிட்டர் அனுப்பியவர்களில் ஒருவரான ஹார்டுவேர் கடை கோபுவிடம், ஏன் சிபியு தரவில்லை என்று கேட்க ஓடினார்.

"அந்தப் பெட்டி கீழ கீது டீச்சர், யாரு குனிஞ்சி பாக்கறது? பசங்க கண்ணு திரை மேலதானே இருக்கும்" என்றார் கோபு.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெயர் ஆசையைக் கிளப்பிவிட்டு, யார் எதைத் தருவது என்று பிரித்துச் சொல்லாத புண்ணியவதி ஹெப்சிதான். எம்.ஏ., பி.எட். படித்த மூளை என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"அண்ணா, திரை ஓரத்துல பொடி எழுத்துதான் வரும். பெட்டின்னா பக்கவாட்டுல அகலமா இருக்கு. போன் நம்பர்கூட போடலாம். மேஜை மேலயே வெச்சுடறேன்."

கோபு யோசித்தார். "போட்டோ?"

"அதுவும் போடலாம்ணா."

கோபு மானிட்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டு சிபியு தந்தார். இன்னொருவரும் அப்படியே வழிக்கு வந்தார். இரண்டு கம்ப்யூட்டர் தேறியது. மிஞ்சிய மானிட்டர் இணைப்பில்லாமல் ஓரமாக நிற்கிறது. பெயர் திரைக்கு நடுவிலேயே பளிச்சென்று தெரிவதால் அதைக் கொடுத்தவருக்கு ஒரு குறையுமில்லை.

அடுத்த சிக்கல் மின்சாரம். அறையில் பிளக் பாயின்டே கிடையாது. சுவருக்குள் போகும் ஒயரில் பெயர் எழுத முடியாது, ஆகவே அதற்கு ஆளும் கிடைக்கவில்லை. வாஷிங் மெஷினுக்குச் சேர்த்த பணத்தை ஹெப்சி எலக்ட்ரீஷியன் பரணியிடம் கொடுத்தார்.

வேலை முடிந்து சுவிட்ச் பெட்டியை மூடும்போது பரணி கேட்டார். "எல்லாத்துலயும் பேரு கீது. உங்க பேரு போடலியா டீச்சர்?"

"சே, எனக்கு எதுக்குங்க அதெல்லாம்."

அந்தப் பெருந்தன்மை பரணி ஸ்குரூவைக் கையில் எடுக்கும்வரை தாக்குப்பிடித்தது. "ஒரு நிமிஷம் இருங்க" என்று பென்சிலை எடுத்து, பெட்டியின் உள்பக்கம் 'உபயம்: ஹெப்சி' என்று எழுதினார். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"இன்னா டீச்சர், இத்த யாரு பாக்கப் போறா?"

"பல்லி பாக்கும். நீங்க மூடுங்க."

பள்ளி திறந்த அன்று நூலகத்தில் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். சரிதா வாசலில் நின்று பார்த்துவிட்டு, அரிசி மூட்டைக்கு வேறு இடம் தேடப் போனார். சின்மயி திரையைப் பார்க்கவில்லை. சிபியு பக்கவாட்டில் கோபுவின் சிரித்த முகத்துக்குக் கீழே விரல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள். "உ... ப... யம். கோ... பு."

ஹெப்சிக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே, தன் பெயரையும் வெளியிலேயே எழுதித் தொலைத்திருக்கலாமே என்று வயிறும் எரிந்தது.