நஜ்முன் நிஸாவின் கஞ்சி வாளி

லாபிருக்கு அறுபத்திரண்டு வயது. அதில் முப்பத்தொரு வருஷம் மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையே கடலில் பயணிகள் லாஞ்ச் ஓட்டியே கழிந்தது. எதிரே எது வந்தாலும் ஹோர்ன் அடித்தால் விலகிவிடும் என்பதுதான் அந்த முப்பத்தொரு வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம். லாஞ்சை உடைத்து விற்றபோது ஹோர்னை மட்டும் கேட்டு வாங்கி, உப்புவெளி வீட்டின் குசினிக்குப் பின்னால் ஒரு பழைய பற்றரியோடு பொருத்தி வைத்தார். இது எதற்கென்று மனைவி நஜ்முன் நிஸா கேட்டாள்.

"கிடக்கட்டும் புள்ள. அது சோறா கேக்குது?" என்றார்.

அந்த ஹோர்னுக்கும் ஒரு காலம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இன்பாஸ் கொழும்பில் இருக்கிறார். அவர் தன் வீட்டை கம்பஸில் படிக்கும் நான்கு பொடியன்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார். மூதூர்ப் பையன் பஹ்மி, மட்டக்களப்பு ஜெயகாந்தன், இன்னும் இரண்டு பேர். கம்பஸில் என்ன படித்தார்களோ, வீட்டில் படித்ததாக லாபிர் ஒரு நாளும் காணவில்லை. காலையில் பாட்டு, மாலையில் கிரிக்கெட், இடையில் சிரிப்பு. இவருடைய ஒரே மகள் நிப்லாவுக்கு அந்த வருஷக் கடைசியில் உயர்தரப் பரீட்சை. பிள்ளை காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உயிரியல் படித்தாள். தகப்பனுக்கு வயிறு எரிந்தது.

முதலில் பந்துகள் பறிமுதலாகின. மதில் தாண்டி வந்த டெனிஸ் பந்து ஒன்றும் திரும்பிப் போகவில்லை. பதினொரு பந்துகள் அரிசி உரப்பையொன்றில் சிறை இருந்தன. நஜ்முன் நிஸாவும் சும்மா இருக்கவில்லை. பொடியன்களின் ஜன்னலுக்கு நேரே மதிலில் சாளைக் கருவாடு காயப்போட்டாள். இரண்டு நாளில் ஜெயகாந்தன் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "அன்ரி, காஞ்சிட்டெண்டால் எங்களுக்கும் கொஞ்சம் தருவீங்களோ?" என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றோடு அவள் போரிலிருந்து விலகினாள்.

லாபிர் விலகவில்லை. அவர்கள் பாட்டுப் போட்டால் இவர் ஹோர்ன் அடிப்பார். தென்னையில் இருந்த காகமெல்லாம் பறக்கும். அந்தப் பக்கம் ஒரு கணம் அமைதியாகும். பிறகு பஹ்மியின் குரல் கேட்கும்: "மூதூர் போறாக்கள் கெதியா ஏறுங்க, லாஞ்ச் வெளிக்கிடப் போகுது." நான்கு பேரும் கைதட்டுவார்கள். புத்தகத்துக்குப் பின்னால் நிப்லாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புத்தான் லாபிருக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் கடலே மரியாதை கொடுத்த ஹோர்ன் அது.

இந்த நிலையில் நோன்பு வந்தது. முதல் நோன்பன்றே நஜ்முன் நிஸா கஞ்சி காய்ச்சி, மூடி போட்ட தன் சில்வர் வாளி நிறைய ஊற்றிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். சண்டை சண்டைதான், அயலவன் அயலவன்தான் என்பது அவளுடைய சட்டம். அந்த வாளி அவள் கலியாணத்துக்குக் கிடைத்தது. மறுநாள் வாளி வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை.

"பாத்தியா, பந்துக்குப் பதிலா வாளியப் பிடிச்சு வச்சிருக்கானுகள்," என்றார் லாபிர். "வாளி வந்தாத்தான் இனிக் கஞ்சி."

இருபதாம் நோன்பன்று பின்னேரம் பக்கத்து வீட்டுக் குசினியிலிருந்து புகை கிளம்பியது. லாபிர் மதிலால் எட்டிப் பார்த்தார். "பாலைக் கருக்கிப் போட்டானுகள். பால் காய்ச்சக்கூடத் தெரியாததுகள்," என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தபடியே உள்ளே வந்து, இன்பாஸுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, ஒங்கட வீட்டுல என்னமோ போதைச் சாமான் எரிக்கிறானுகள். மணம் தாங்க ஏலாமக் கிடக்கு. பொம்புளப் புள்ள இருக்கிற வீடு இது."

நோன்பு வாயோடு அந்தப் பொய்யைச் சொன்னார். சொல்லும்போது நாக்குக் கூசவில்லை. பொடியன்களுக்கு ஒரு வெருட்டு விழும், அவ்வளவுதானே என்று நினைத்தார். ஆனால் இன்பாஸ் மூன்று நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவன் பஹ்மி என்பதால் அவனுடைய வாப்பாவுக்கும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பொடியன்கள் ஒரு திறீவீலரில் சாமான்களை அடைத்துக்கொண்டு போனதை லாபிர் ஜன்னலால் பார்த்தார். யாரும் சத்தம் போடவில்லை.

அவர்கள் போன பிறகு பார்த்தால் மதிலின் மேல் வாளி இருந்தது. மூடியைத் திறந்தால் பாற்சோறு. அடிப்பிடித்த மணம் இலேசாக வந்தது.

"ஒரு வீட்டுச் சாமான வெறுமனே திருப்பிக் குடுத்தா பறக்கத்தும் செழிப்பும் போயிருமெண்டு பஹ்மிட உம்மா சொல்லிக் குடுத்திருக்கா," என்றாள் நஜ்முன் நிஸா. "போகக்குள்ள சொல்லிட்டுப் போனான். என்னத்தையாவது சமைச்சு நிரப்பித்தான் தரோணும் எண்டு இவ்வளவு நாளும் வச்சிருந்திருக்கானுகள். ரெண்டு தரம் கருகிட்டாம். இது மூண்டாந்தரம். ஒங்கட லாஞ்சுலதான் அவன் முதன்முதல்ல டவுனுக்கு வந்தானாம். அந்த ஹோர்ன் சத்தம் கேட்டா ஊருக்குப் போன மாதிரி இருக்குமெண்டான்."

லாபிர் அன்று பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் நோன்பு திறந்தார். பாற்சோற்றைத் தொட அவரால் முடியவில்லை.

இதுவரைதான் சிரிக்கிற கதை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. நிப்லா பஞ்சில்லாமல் படித்தாள், பரீட்சை எழுதினாள். லாபிர் ஹோர்னின் வயரைக் கழற்றிவிட்டார். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை அவரே பொய் சொல்லி வாங்கினார் என்பதால் அதற்குள் இருக்கப் பிடிக்கவில்லை. மனிசனுக்குச் செய்த பிழையை அந்த மனிசன்தான் மன்னிக்க வேண்டும், அல்லாஹ்கூட அதில் குறுக்கே வரமாட்டான் என்று ஜும்ஆவில் கேட்கும்போதெல்லாம் தலை தானாகக் குனிந்தது. தான் மௌத்தாகும் முன்னே அந்த நான்கு பேரிடமும் மாப்புக் கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லாமல் போயிற்று.

இந்த வருஷம் முதல் நோன்பன்று அவர்கள் இருக்கும் இடத்தை விசாரித்து அறிந்துகொண்டு, ஒரு கையில் கஞ்சி வாளியும் மறு கையில் பந்துப் பையுமாகக் கப்பல்துறைக்கு பஸ் ஏறினார். ஓர் ஒற்றை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஜெயகாந்தன் கதிரையைத் துடைத்துப் போட்டான். லாபிர் அதில் உட்காரவில்லை.

"மகன், அண்டைக்கு எரிஞ்சது பால் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அப்பிடிச் சொன்னனான். மாப்புக் கேக்க வந்தனான்."

"எங்களுக்கும் தெரியும், அங்கிள்," என்றான் ஜெயகாந்தன் மெதுவாக. "பாலைக் கருக்கிப் போட்டானுகள் எண்டு நீங்கள் மதிலடியில சொல்லிச் சிரிச்சது எங்களுக்குக் கேட்டது."

லாபிர் கதிரையை இழுத்தார். இப்போது அதில் உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, இன்பாஸிட்ட?"

"சொன்னனாங்கள். வயசான மனிசன் பொய் சொல்லுவாரோ எண்டு கேட்டார்."

ஜெயகாந்தன் மற்ற இருவரையும் பார்த்துவிட்டு, "நாங்கள் மூண்டு பேரும் மறந்திட்டம், அங்கிள். பஹ்மியின்ர பங்கை நாங்கள் தர ஏலாது," என்றான். பஹ்மியின் வாப்பா அவனைக் கம்பஸிலிருந்து நிறுத்தி, கட்டாருக்கு அனுப்பிவிட்டாராம். ஏதோ ஒரு சாமான் கிடங்கில் வேலை. எவ்வளவு சத்தியம் செய்தும் வாப்பா நம்பவில்லையாம்.

ஜெயகாந்தன் பந்துப் பையை வாங்கி மூலையில் வைத்தான். கஞ்சியை வேறு பாத்திரத்தில் மாற்றி ஊற்றி, வாளியைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அறை முழுவதும் தேடி, கடைசியில் உடைக்காத பிஸ்கட் பக்கெட் ஒன்றை உள்ளே போட்டு மூடினான்.

பஸ் தரிப்பிடத்தில் நின்று, ஜெயகாந்தனிடம் வாங்கிய நம்பருக்கு லாபிர் கட்டாருக்கு அழைத்தார். தான் யாரென்று சொன்னார். அந்தப் பக்கம் பெட்டிகள் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் டியூட்டில நிக்கிறன், மாமா," என்றான் பஹ்மி. மரியாதையாகத்தான் சொன்னான். "பிறகு எடுக்கிறன்."

வீட்டில் நஜ்முன் நிஸா வாளியைத் திறந்து பார்த்தாள்.

"ஆர் போட்டது?"

"மூண்டு பேர்," என்றார் லாபிர். போனின் சத்தத்தை முழுதாகக் கூட்டி, கஞ்சிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நோன்பு திறக்கிற பாங்குக்குக் காத்திருந்தார். இன்றைக்குப் பதினேழாம் நோன்பு. போன் இன்னும் அங்கேதான் இருக்கிறது.