கொட்டி எண்ணிய கடலை

பலர் தோராயமாகச் சொல்லும் எண்களின் சராசரி, பெரும்பாலும் தனி ஒருவரின் ஊகத்தைவிட உண்மைக்குப் பக்கத்தில் வரும். நான் பல வருடம் ஆராய்ந்தது இதைத்தான். அதைப் பொதுமக்களுக்குச் செய்துகாட்டும்படி ஒரு பல்கலைக்கழகத்தின் அறிவியல் விழாவுக்கு, ஓய்வு பெற்ற என்னை அழைத்திருந்தார்கள்.

தலைநகரின் துவாரகா பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் வறுத்த கொண்டைக்கடலையை எண்ணிக் கண்ணாடி ஜாடியில் போட்டேன். இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு. சந்தேகம் தீராமல் மறுபடி எண்ணினேன். மாலையில் எல்லார் முன்னாலும் கொட்டி எண்ணிக்காட்டப்படும் என்று அறிவிப்பும் வைத்தேன். இல்லாவிட்டால் யார் நம்புவார்கள்?

மதியத்துக்குள் நாற்பத்தெட்டுப் பேர் ஊகித்துச் சீட்டுப் போட்டிருந்தார்கள். மனைவியை ஸ்டாலில் உட்காரவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் ஜாடி நான்கு விரல் இறங்கியிருந்தது. ஒரு கல்லூரிப் பெண் மென்றுகொண்டே, "அங்கிள், நமக் தோடா கம் ஹை," என்றாள். உப்புக் குறைவாம்.

"யாரு எடுத்துக் குடுத்தது?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நான்தான். வந்தவங்கள வெறுங்கையோடயா அனுப்பறது? பக்கத்து ஸ்டால்ல மிட்டாய் குடுக்கறாங்க."

"அது எண்ணி வச்சதுடி."

"அதான் எண்ணி முடிச்சிட்டீங்களே. இன்னும் எதுக்குன்னு நெனச்சேன்."

மாலையில் எதைக் கொட்டி எண்ணுவது? ஊரை ஏமாற்றுகிறான் கிழவன் என்று போய்விடுவார்களே. அந்தப் பெண்ணிடமே இந்தியில் புலம்பினேன். புதிதாக ஆரம்பியுங்கள், இப்போது உங்களுக்கே விடை தெரியாது, இதுதான் மஜா என்றாள்.

உண்மைதான். விடை தெரியாமல் நான் எந்தச் சோதனையிலும் உட்கார்ந்ததில்லை. பழைய சீட்டுகளை ஒதுக்கினேன். புதிதாக அறுபத்திரண்டு சேர்ந்தன. என்னுடையதும் ஒன்று, ஆயிரத்து இருநூற்றைம்பது.

மாலையில் செய்தித்தாளில் கொட்டினோம். பள்ளிப் பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள், வாசலில் நின்ற காவலாளி, எல்லாரும் பத்துப் பத்தாக ஒதுக்கினார்கள். "ஜல்தி, அங்கிள்," என்று என்னையே விரட்டினார்கள். மொத்தம் ஆயிரத்து நானூற்றாறு. சராசரி ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. ஒரே கூச்சல். நானும் கத்தினேன்.

அப்போதுதான் வந்த தன் கணவரிடம் ஓர் அம்மாள் கையை ஏற்றி இறக்கி விளக்கினார். சிலர் கூட்டிச் சொன்னார்கள், சிலர் குறைத்து, இரண்டும் சரியாகப் போயிற்று என்று. நான் பேசுவதற்கு வைத்திருந்தது அவ்வளவும் அதில் வந்துவிட்டது.

கணவர் நம்பவில்லை. திரும்ப எண்ணுங்கள் என்றார். நான் வாய் திறப்பதற்குள் எல்லாரும் கடலையைச் சுற்றி மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.