கருங்காலி முள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு மனிதன் வாயால் சொன்னால் காதில் ஏறாது. எதைச் சொன்னாலும் 'வீடியோ இருக்கா?' என்று கேட்கிறார்கள். இல்லையென்றால் பொய். அறுபத்தொன்பது வயதுக்காரன் முன்னால் நின்று சத்தியம் செய்தாலும் பொய்தான். சந்தையில் மீன் வெட்டுகிறவன் முதல் பள்ளிக்கூடத்து மாஸ்டர் வரை இதே புத்தி. ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் வீடியோ இல்லை. நடந்தது நடந்ததுதான். நம்பாதவர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு நட்டமில்லை.

இன்னொன்று. பேய் என்றால் நடுச்சாமம், சவக்காலைக் கல்லறை, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்களும் போகலாம். இது வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் நடந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில்.

என் பெயர் நல்லரெத்தினம். பாண்டிருப்பு. மரவேலைக்காரன், எங்கள் பக்கத்தில் ஓடாவி என்பார்கள். கல்முனைக்குடியில் காலிதீன் என்பவரின் பட்டறையில் ஆறு வருடம் வேலை செய்தேன். மொத்தம் நாலு பேர். நாங்கள் செய்தது மணிக்கூடு. கடையில் தொங்குகிற சாமான் இல்லை. உள்ளே இருக்கிற பல்லுச்சக்கரம் முதல் ஆணி வரை எல்லாம் மரம். ஒரு துண்டு இரும்பு கிடையாது. மருதமுனை நெசவுத்தறி மாதிரி ஒன்று, கவிழ்த்த தோணி மாதிரி ஒன்று, இப்படி ஒன்றைப் போல் மற்றது இருக்காது. காலிதீன் சக்கரம் வெட்டுவார். அவருடைய தங்கச்சி ஆதிலா எண் எழுதி மெருகு போடுவாள். றிபாஸ் பூவேலை செதுக்குவான். முப்பது வயது. கை தங்கம், வாய் சாக்கடை. பூட்டு, பொருத்து, ஆப்பு எல்லாம் நான்.

போன வருடம் ஆடி மாதம், கடற்கரைப் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றிலிருந்து ஒரு வேலை வந்தது. தொழுகை நேரப் பலகை. நடுவில் ஓடுகிற பெரிய மணிக்கூடு. அதைச் சுற்றி ஆறு சின்ன முகங்கள். சுபஹ், ளுஹர், அஸர், மஃரிப், இஷா என்று ஐந்து நேரத் தொழுகை, வெள்ளிக்கிழமைக்கு ஜும்ஆ. இந்த ஆறுக்குள்ளும் மெசின் இல்லை. வெறும் முகம், இரண்டு முள். அன்றன்றைக்குத் தொழுகை எத்தனை மணிக்கென்று பள்ளியில் பாங்கு சொல்லுகிற மோதினார் விரலால் திருப்பி வைப்பார். அவ்வளவுதான்.

பள்ளிக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பழைய பலகையின் முட்களைத்தான் புதியதிலும் போட வேண்டும். கருங்காலி முட்கள். பழைய மோதினார் தன் கையால் சீவியவையாம். பழைய பலகை உயரத்தில், அவர் முக்காலியில் ஏறித்தான் திருப்புவாராம். முப்பது வருடம் ஒரே பெருவிரல் ஊன்றி ஊன்றி, ஒவ்வொரு நீள முள்ளிலும் சின்னக் குழி விழுந்திருந்தது. என் விரலை வைத்துப் பார்த்தேன். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

முள் தானாகத் தொங்கிவிடக் கூடாது என்று ஆப்பு வைத்து இறுக்கினேன். பலமாக அழுத்தினால்தான் அசையும். ஆதிலா பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஆறு முகத்தையும் பத்து மணி பத்தில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியோடு பட்டறை காலியாகிவிடும். காலிதீனும் றிபாஸும் ஜும்ஆவுக்குப் போவார்கள். ஆதிலா வீட்டுக்குப் போய்விடுவாள். தெருவில் கடையெல்லாம் சாத்திவிடும். பட்டறையில் மிஞ்சுவது தமிழன் நான் ஒருத்தன்தான். உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரிப்பேன். பிறகு ஒரு குட்டித் தூக்கம். ஆறு வருடமாக இப்படித்தான்.

ஆவணி முதல் வெள்ளி. ஒன்று இருபதுக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். ஆதிலா பலகைக்கு முன்னால் நின்றாள்.

"ஓடாவியார், அஸர் முள்ளத் திருப்பினீங்களா?"

"நான் தொடல்ல, புள்ள."

அஸர் முகம் மூன்று இருபத்தொன்று காட்டியது. சுவரில் பள்ளிக் கலண்டர் தொங்கியது. அன்றைய அஸர் நேரமும் மூன்று இருபத்தொன்று.

"அண்ணனுக்கும் தொழுக நேரம் பாடமாகிட்டு" என்று காலிதீன் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அது என் பிழை.

இரண்டாம் வெள்ளி. ஐந்து முகங்கள் திரும்பியிருந்தன. ஐந்தும் அன்றைய நேரம், ஒரு நிமிடம் பிசகவில்லை. ஜும்ஆ மட்டும் பத்துப் பத்தில் நின்றது. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

"உள்ளுக்குத் தாப்பா. உள்ளுக்கு நீங்க" என்றான் றிபாஸ். "வேற ஆரு திருப்பின? பல்லியா?"

"எனக்கெப்பிடிடா உங்கட நேரம் தெரியும்? மூணாம் வகுப்போட நிண்டவன் நான்."

"சுவருல கலண்டர் தொங்குது. அம்பது வருசமா எங்கட பாங்கு உங்கட காதுலயும்தானே விழுது." உளியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "பள்ளிச் சாமான் இது. கருங்காலி முள்ளுல மட்டும் இல்ல போல."

கூட இருந்தே குழி பறிக்கிறவனுக்கும் அந்தப் பெயர்தான். விளங்காமல் இருக்க நான் சின்னப் பிள்ளை இல்லை. காலிதீன் அவனை அதட்டவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

வெளியூர்க்காரருக்கு இது பெரிய விசயமாகத் தெரியாது. இந்தக் கரையில் தமிழனும் முஸ்லிமும் ஒரே வயல் வட்டையில் வேளாண்மை செய்த காலமும் உண்டு. ஒருவர் தெருவுக்குள் மற்றவர் கால் வைக்க முடியாத காலமும் உண்டு. இரண்டையும் பார்த்தவன் நான். 'பாண்டிருப்பு ஓடாவி பள்ளிச் சாமானில் கை வைத்தான்' என்று ஒரு சொல் தேத்தண்ணிக் கடையில் விழுந்தால் போதும். வேலை போவது ஒரு பக்கம். பிறகு அந்தத் தெருவில் நான் சைக்கிள் மிதிக்க முடியாது. என் பிள்ளைகளும் முடியாது.

காலிதீன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடுத்த வெள்ளி நீங்க வெளிய நில்லுங்க அண்ணன். நான் பூட்டித் திறப்பக் கொண்டு போறன். அதோட பிரச்சின முடியும்."

"முடியாது தம்பி. நான் செய்யல்ல எண்டுதான் வரும். செஞ்சவன் ஆரெண்டு வராதே."

"ஆரெண்டு தெரிஞ்சி என்ன செய்யப் போறீங்க?"

"அவன்ட கையப் பிடிப்பன்."

என் மனதில் இருந்தது றிபாஸ்தான். என்னைக் கிளப்பிவிட்டு அந்த இடத்துக்குத் தன் மச்சானைக் கொண்டுவரப் பார்க்கிறான் என்று நினைத்தேன். தொழுகைக்குப் போவதுபோல் போய், பின் யன்னலால் ஏறி வருகிறான். நான் தூங்குகிற நேரம் பார்த்துத் திருப்புகிறான். வேறென்ன?

மூன்றாம் வெள்ளி. பன்னிரண்டு நாலுக்கு எல்லாரும் போனார்கள். முன் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். பின் யன்னலுக்குக் குறுக்கே பலகை வைத்து நாலு ஆணி அடித்தேன். தொழுகை நேரப் பலகைக்கு முன்னால், ஒரு முழத் தூரத்தில், மரக்குற்றியில் குந்தினேன். சோறு தின்னவில்லை. கையில் மரச் சுத்தியல்.

பன்னிரண்டு இருபது. தெரு அடங்கிவிட்டது. தூரத்தில் ஒலிபெருக்கியில் குத்பாப் பேச்சு. நடு மணிக்கூட்டின் சக்கரம் மட்டும் டொக்... டொக்... என்றது.

பன்னிரண்டு முப்பத்தொன்று. பின்னால் ஒரு சத்தம். சர்ர்...

திரும்பினேன். மூலையில் கிடந்த முக்காலி இரண்டடி முன்னால் வந்திருந்தது. பூனை என்று நினைத்தேன். பூனை இல்லை.

மறுபடி சர்ர்... முக்காலி என்னைக் கடந்து போய்ப் பலகைக்குக் கீழே நின்றது. பலகை என் நெஞ்சு உயரத்தில்தான் இருந்தது. அதைத் தொட முக்காலி எதற்கு?

"றிபாஸ்!" என்று கத்தினேன்.

யன்னலில் அடித்த பலகை அடித்தபடியே இருந்தது.

முக்காலி ஒரு முறை கிறீச்சிட்டது. யாரோ ஏறினால் கிறீச்சிடுமே... அப்படி.

பிறகு வாசம் வந்தது. தைலம். பழைய படுக்கை. நாள்பட்ட நோயாளி கிடக்கிற அறையின் வாசம். அதோடு மூச்சு. ஒரு பக்க வாயால் மட்டும் விடுகிற மாதிரி... புஸ்... புஸ்...

பன்னிரண்டு முப்பத்தெட்டு. சுபஹ் முள் அசைந்தது.

கண் முன்னால். ஆள் இல்லை. கை இல்லை. முள் மட்டும் சுற்றியது. நின்றது.

ளுஹர்.

அஸர்.

ஒன்றை முடித்துவிட்டு, மூச்சு வாங்கி, அடுத்தது. அவசரமே இல்லை.

மஃரிப்... இஷா...

பன்னிரண்டு நாற்பத்தேழு. ஜும்ஆ முள் துடித்தது.

நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பயமில்லாமல் இல்லை. ஆனால் பயத்துக்கு மேலே கோபம் நின்றது. இந்த முள்ளும் திரும்பினால் ஆறும் என் கணக்கில். என் பெயர் நாறிவிடும்.

சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

முள்ளின் மேல் பெருவிரலை ஊன்றினேன்.

குழி தட்டுப்படவில்லை. குழிக்குள் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

விரல்.

குளிர்ந்த விரல். தடித்த தோல். கொஞ்சம் ஈரம்.

அது தள்ளியது. நான் மறுபக்கம் தள்ளினேன். அது நடுங்கியது. நான் விடவில்லை.

"எடு கைய" என்றேன்.

எடுக்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு, பின்னுக்கு வளைத்தேன்...

டக்.

பன்னிரண்டு நாற்பத்தொன்பது.

முக்காலி சரிந்தது. மூச்சு இல்லை. வாசம் இல்லை. நடு மணிக்கூடு மட்டும் டொக்... டொக்... என் கையில் முறிந்த முள்.

ஒன்று இருபத்திரண்டுக்கு அவர்கள் வந்தபோதும் அது என் கையில்தான் இருந்தது. போடத் தோன்றவில்லை. றிபாஸ் முதலில் என் கையைப் பார்த்தான், பிறகு பலகையை. அவன் பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் கண்டேன்.

"வெளிய நில்லுங்க எண்டுதானே சொன்ன நான்" என்றார் காலிதீன்.

"முறிச்சது நான்தான். ஓம். திருப்பினது நான் இல்ல. முள்ளுல வேறொரு விரல் இருந்த, அதத்தான் பிடிச்ச நான்."

"வீட்ட போங்க அண்ணன்."

ஆயுதப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சாயந்தரம் ஒலிபெருக்கியில் ஏதோ மரண அறிவித்தல் போனது. நான் காது கொடுக்கவில்லை. எனக்கு என் கோபம்.

மூன்றாம் நாள் காலிதீன் மோட்டார் சைக்கிளில் பாண்டிருப்புக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு இடத்துக்கு வாங்க அண்ணன்" என்றார். பொலிசுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்து, நல்ல சேட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு ஏறினேன்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. மௌத்து வீடு, சாவு விழுந்த வீடு. வாசலில் கதிரை போட்டிருந்தது. கதவுச் சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் வந்து நின்றாள். முஸ்பிறா என்று பெயர். பழைய மோதினார் கச்சிமுகம்மதுவின் மகள்.

அதுவரைக்கும் அந்த மோதினார் எப்போதோ செத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சாகவில்லை. பதினொரு மாதமாகப் பாரிசவாதத்தில் கிடந்திருக்கிறார்.

"இடப்பக்கம் விழுந்துட்டு. பேச்சும் இல்ல" என்றாள். "வலக்கை மட்டும் அசையும். இந்த மூணு வெள்ளியா, குத்பா நேரத்துல, போர்வ நுனியப் பெருவிரலால அமத்தி அமத்தித் திருப்பிக்கிட்டிருந்தாங்க. நான் சீலயச் சரிசெய்றாங்க எண்டு நெனச்சன்."

நான் என் பெருவிரலை மடித்து உள்ளங்கைக்குள் வைத்தேன்.

"போன வெள்ளி வாய் தொறந்தாங்க. பதினொரு மாசத்துக்குப் பொறகு. 'எவனோ என்ட விரலப் பிடிச்சிரிக்கான், வுடச் சொல்லுகா' எண்டாங்க. ஓடிப்போய்ப் பாத்தன். ஒருத்தரும் இல்ல. பெருவிரல் பின்னுக்கு மடிஞ்சி முறிஞ்சிருந்த. ஆரும் தொடல்ல. அப்பவே மூச்சு நிண்டுட்டு."

"எத்தின மணி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒண்டுக்குப் பதினொரு நிமிசம் இருந்த."

சீலை கொஞ்சம் அசைந்தது. "காலிதீன் காக்கா எல்லாம் சொன்னாங்க. நீங்க தெரிஞ்சி செய்யல்ல. நாங்க உங்கள மன்னிச்சிட்டம்."

காலிதீன் என் தோளைத் தொட்டார். "இனி ஒருத்தனும் உங்களச் சந்தேகப்பட மாட்டான் அண்ணன். நாளைக்கு வேலைக்கு வாங்க."

அந்த இடத்தில்தான் எனக்கு உச்சியில் ஏறியது. எதற்கு மன்னிப்பு? யார் கேட்டது? போன கிழமை முள்ளோடு விளையாடினவன், கருங்காலி. இந்தக் கிழமை ஒரு மனிதனைக் கொன்றவன். அதையும் வாயால் சொல்லாமல், மன்னித்து என் தலையில் கட்டுகிறார்கள்.

"பாரிசவாதக்காரர் பதினொரு மாசம் கிடந்து போறது ஊருலகத்தில நடக்காததா?" என்றேன். "கட்டில் சட்டத்தில கை சிக்கியிருக்கும். முறிஞ்சிருக்கும். எனக்கும் அதுக்கும் என்ன?"

"அப்ப நீங்க பிடிச்ச விரல் ஆருட, அண்ணன்?" என்றார் காலிதீன்.

"எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். காலிதீன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். ஏறுங்கள், வெயில் என்றார். நான் ஏறவில்லை. பெரிய தெருவுக்கு வந்து, கல்முனைச் சந்தையைத் தாண்டி, பாண்டிருப்புக்கு நடந்தே போனேன்.