இரண்டு முறை பாதியான அளவு

பிள்ளைகள் இருவரும் தாங்களாகவே பள்ளிக்குப் போய்வரும் வயதுக்கு வந்ததும் நான் மறுபடி வேலைக்குப் போனேன். காலாப்பட்டில் பஸ் ஏறி, டவுனில் இறங்கி மாறி, மூலக்குளம் போக வேண்டும். அங்கே ஒரு வீட்டு மாடியில் இருந்தது அந்தச் சின்ன நிறுவனம். காது மந்தமானவர்களுக்கான கருவி செய்துகொண்டிருந்தார்கள். அங்கே யாரும் தொட விரும்பாத ஒரு வேலை எனக்கென்று காத்திருந்தது. அதுதான் லிங்கர்.

ஒரு மென்பொருளைத் துண்டு துண்டாகத்தான் எழுதுவார்கள். அந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்து, சிப்பின் நினைவகத்தில் எது எங்கே உட்கார வேண்டும் என்று முகவரி கொடுப்பது லிங்கர். வழக்கமான கணினிகளில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. எங்கள் சிப்பில் இரண்டு பைட்டுக்குச் சேர்த்துத்தான் ஒரு முகவரி. லிங்கரோ வழக்கமான கணினிகளுக்காக எழுதப்பட்டது. யார் யாரோ பின்னால் எங்கள் சிப்புக்குத் தோதாகத் திருத்தியிருந்தார்கள். அதனால் அதற்குள் சில எண்கள் பைட் கணக்கிலும் சில சிப்பின் கணக்கிலும் இருந்தன. எது எந்தக் கணக்கு என்று எண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எதிர் மேசையில் என்னைவிட இளைய பெண் ஒருத்தி இருந்தாள். சிப் பக்கத்து வேலை முழுக்க அவளுடையது. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்குப் பெரிய மார்க்கெட் பக்கம் பொத்தான், நூல், லைனிங் துணி விற்கும் கடை. அவருக்கும் காது மந்தம். எங்கள் கருவியை முதலில் போட்டுப் பார்க்கச் சம்மதித்தவர் அவர்தான்.

ஒருநாள் காலை சாப்பாட்டுப் பையை வைத்ததும் வைக்காததுமாக அவள் சொன்னாள்: "அக்கா, புது வெர்ஷன் போட்டதுலேர்ந்து அத்தா கருவியக் கழட்டி சட்டைப் பையில வச்சுக்கிறாரு. எண்ணெயில கடுகு வெடிக்கிற மாதிரி இருக்குதாம்."

"எப்பவுமேவா?"

"அதான் இல்லக்கா. ஆம்பளைங்க பேசுனா நல்லா கேக்குதாம். நானு, அம்மா பேசுனாதான் கரகரங்குதாம். 'ச' வந்தா சுத்தமா போச்சாம். அம்மாவுக்கு ஒரே கோவம். நான் பேசுறது மட்டும் எப்படி ஒங்களுக்குக் கேக்காம போவும்னு."

இருவரும் சிரித்தோம். சட்டென்று அவள் சிரிப்பை நிறுத்தினாள். புது வெர்ஷனில் ஒரு பெரிய அட்டவணை சேர்த்திருந்தாள். எந்தச் சுருதியை எவ்வளவு தூக்கிக் கொடுக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். முன்பாதி தாழ்ந்த சுருதிகளுக்கு, பின்பாதி உயர்ந்தவற்றுக்கு.

"அக்கா, டேபிள்ல பின்பாதி கெட்டுப்போயிருக்குமோ?"

கையோடு கொண்டுவந்திருந்த அத்தாவின் கருவியைக் கணினியில் மாட்டி நினைவகத்தைத் திறந்தாள். முன்பாதி அவள் எழுதியபடியே இருந்தது. பின்பாதியில் எண்கள் நிற்காமல் மாறிக்கொண்டிருந்தன. நான் மேசையைத் தட்டினேன், அவை துள்ளின. மைக்கில் வரும் ஒலியைத் தேக்கி வைக்கும் இடம் அட்டவணையின் நடுவிலிருந்து தொடங்கியிருந்தது.

இடம் ஒதுக்குவது லிங்கரின் வேலை. ஆகவே அது என்னுடையது. தேடிப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. அட்டவணையின் அளவு பைட்டில்தான் வந்தது. கோப்பைப் படிக்கும் இடத்தில் அதை இரண்டால் வகுத்துச் சிப்பின் கணக்குக்கு மாற்றியிருந்தார்கள். அது சரி. இடம் ஒதுக்கும் பகுதியை எழுதியவர், அளவு இன்னும் பைட்டில்தான் இருக்கிறது என்று நினைத்து மறுபடியும் வகுத்துவிட்டார். பழைய அட்டவணைகள் வேறு வழியாக வந்ததால் தப்பின. ஒன்றின்மேல் ஒன்று விழுகிறதா என்று பார்க்கும் சோதனையும் அதே தவறான அளவை நம்பியதால் வாயே திறக்கவில்லை.

இரண்டாவது வகுத்தலை எடுத்துவிட்டுக் கொடுத்தேன்.

"அக்கா, இப்ப ஆன் ஆவவே மாட்டேங்குது."

மென்பொருள் எங்கிருந்து ஓடத் தொடங்க வேண்டும் என்ற முகவரியும் அதே வரி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அது பைட்டில் இருந்தது. அதற்கு அந்த வகுத்தல் தேவைப்பட்டது. இப்போது சிப், இரண்டு மடங்கு தள்ளி ஒன்றுமில்லாத இடத்துக்குப் போய் நின்றது.

"அந்த டேபிள்னா மட்டும் வகுக்காதேன்னு தனியா ஒரு இஃப் போட்டுட்டா?" என்றாள்.

"போட்டா இன்னிக்கு ஓடும். அடுத்த டேபிள் சேத்தா திரும்ப இங்கதான் வந்து நிப்போம்."

லிங்கருக்குள் எல்லாமே பைட்டில் இருக்கட்டும், சிப்புக்கு எழுதும் அந்த ஒரே இடத்தில் மட்டும் மாற்றுவோம் என்று முடிவு செய்தேன். இதையும் ஞாபகத்தை நம்பி விட முடியாது. பைட்டுக்கு ஒரு வகை, சிப்பின் கணக்குக்கு வேறொரு வகை என்று பிரித்து அறிவித்தேன். இரண்டையும் கலந்தால், எழுதியதைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரே ஏற்காது. ஓடவிட்டதும் திரை முழுக்கப் பிழைகள்.

"என்னாக்கா இது, எல்லாம் செவப்பா கெடக்குது!"

"கெடக்கட்டும். எங்கெங்க ஊகத்துல எழுதுனாங்கன்னு அதுவே காட்டிக் குடுக்குது பாரு."

அந்த நாட்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. கீழே வில்லியனூர் ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். நான் ஒரு சிவப்பு வரியைத் திறந்து, இந்த எண் எதை எண்ணுகிறது என்று கேட்டு, பதில் கிடைத்ததும் அடுத்ததற்குப் போவேன். ஓரிடத்தில் ஒருவர் தவறாகப் பெருக்க, இன்னொருவர் தவறாக வகுக்க, இரண்டும் கழிந்து சரியாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் 'ஏன் என்று தெரியவில்லை, தயவுசெய்து தொடாதீர்கள்' என்று ஒரு குறிப்பு. இரண்டையும் நீக்கினேன், குறிப்பையும் சேர்த்து. வீட்டில் இருந்த வருஷங்களில் எல்லாம் மறந்துபோயிருக்கும் என்று பயந்திருந்தேன். மறக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளைச்சாவடி தாண்டும் வரை மனசுக்குள் வரிகள் ஓடும்; வீட்டுக்கு வந்தால் நன்றாகப் பசிக்கும்.

கடைசிச் சிவப்பு வரியும் போனதும் கருவியை எடுத்துக்கொண்டு இருவரும் கடைக்குப் போனோம். "வாம்மா, உக்காரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அத்தா மகளைப் பார்த்தபடியே கருவியைக் காதில் மாட்டினார்.

"அத்தா, கேளுங்க. சாப்ட்டீங்களா? சீசாவுல சக்கர இருக்குதா? சாயந்திரம் சீக்கிரம் சாத்துவீங்களா?"

"நல்லா கேக்குது. எதுக்கு இப்படிக் கத்துற?"

அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அப்போது பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் பழைய குடும்பத்து அம்மா ஒருவர் படியேறி வந்தார். கடைக்கு வாடிக்கையானவர் போலிருந்தது. பார்த்ததுமே அத்தா ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். அந்த அம்மா உட்கார்ந்து நிதானமாக லேஸ் பார்த்து, வாங்கிக்கொண்டு, "மெர்சி, முசியே" என்று மெல்லிய குரலில் பிரெஞ்சில் 'நன்றி, ஐயா' சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அத்தா கல்லாவில் கை வைத்தபடி அந்த அம்மா போன படியையே பார்த்தார்.

"என்னாத்தா?"

"முசியேவா சொல்றாங்க? இத்தன நாளா 'மூச்சு, மூச்சு'ன்னு கேட்டுச்சு. படியேறி மூச்சு வாங்குதுன்னு சொல்றாங்களாக்கும்னுதான் வந்ததுமே ஸ்டூலப் போட்டுக்கிட்டு இருக்கேன்."

மகள் நூல் பெட்டிகள்மேல் சாய்ந்து சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

"அப்ப இனிமே போட மாட்டீங்களா?"

"ஏன் போடாம? நல்லாத்தான உக்காந்து பாக்குறாங்க" என்றவர், கருவியைக் கழற்றாமலே எதிர்க்கடைக்கு மூன்று டீ சொன்னார்.