மேகத்துக்குப் போன கார்

நாசில் சோதிக்கும் மேசைக்கு முன்னால் அக்கா நின்ற அந்த மத்தியானம் என் நினைவில் இன்னும் மங்கவில்லை. விருதுநகரில் அத்தான் வைத்திருந்த பம்பு ரூம் அது. தண்ணீர் மோட்டார் அறை என்று நினைத்துவிட வேண்டாம். டீசல் வண்டிகளின் பம்பையும், என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் கழற்றிக் கொண்டுவந்து சரிபார்க்கும் கடை. அத்தான் கைப்பிடியை ஓர் அழுத்து அழுத்துவார். கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக டீசல் வெண்மையாகச் சிதறி, கண்ணாடிக் குடுவைக்குள் சற்று நேரம் மிதக்கும். பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால் அதட்டுவார். அந்த வேகம் தோலைத் துளைத்துவிடுமாம். அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். மேகத்துக்குள் நின்றால் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டாள். அத்தானும் மேகத்துக்குள் நின்றவர் இல்லை. அதனால் இன்னொரு தடவை கைப்பிடியை அழுத்திக் காட்டினார்.

அக்கா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். எங்கள் பக்கத்தில் மேகத்தை யாரும் ரசிக்க மாட்டார்கள். மழை குறைந்த பூமி என்பதால்தான் இந்தத் தொழிலே இங்கே வேர் பிடித்தது. முற்றத்தில் சரக்கு காய்ந்துகொண்டிருக்கும்போது தரையில் மேக நிழல் விழுந்தால் போதும், அத்தனை பேரும் எழுந்து ஓட வேண்டும். அள்ளி உள்ளே சேர்க்க வேண்டும். நனைந்தால் சரக்கும் போச்சு, மறுநாள் வேலையும் போச்சு. பதினைந்து வயதிலிருந்து அக்காவுக்கு மேகம் என்றால் ஓட்டம். நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பில் போடும் வேலையில் இருந்தேன். கழிவில் போன மலைப்படத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தபோது, அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டாள். "ஒரு தடவையாச்சும் ஓடாம நின்னு மேகத்தைப் பாக்கணும்" என்பாள். விளையாட்டாகச் சொல்வது போலத்தான் இருக்கும்.

பிறகு அவளுக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்தது. பட்டாசு மருந்துத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது என்றார் மதுரை டாக்டர். வேலைக்குப் போவது நின்றது. மலைக்குப் போகலாமா என்று அத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, போவதானால் இந்தக் கோடையிலேயே போய்வந்துவிடுங்கள், அடுத்த வருஷம் இந்த நெஞ்சு மலை ஏறாது என்று சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் போகலாமே என்று நான் சொன்னேன். அத்தான் என்னைப் பார்த்த பார்வையில், ஏதோ அவருடைய குலத்தையே பழித்துவிட்டேன் போலிருந்தது. அக்காவும் அவர் பக்கம்தான். கம்பெனி வேனில் நசுங்கியது போதும், போனால் நம்ம காரில்தான் போவது என்றாள். நம்ம கார் என்பது யாரோ ஓட்டித் தள்ளிய பழைய டர்போ டீசல் கார். சமவெளியில் பல்லக்கு மாதிரி போகும். மலை அடிவாரத்துக்கு வந்ததும் அதற்கும் அக்காவைப் போலவே இளைக்கும். முதல் தடவை அவர்கள் இரண்டு பேரும் போனபோது, பாதி மலைகூட ஏறவில்லை. கரும்புகை வண்டிக்குள்ளேயே திரும்பி வந்து அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அவள் கண்ணில் நீர் முட்டுவதைக் கண்ணாடியில் பார்த்த அத்தான் வண்டியைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு அந்தக் கார்தான் அவருடைய தவம். டீசல் போதவில்லை என்று முடிவு கட்டினார். பெரிய துளை நாசில்கள் வந்தன. பம்பைப் பிரித்து, உள்ளே இருப்பதையெல்லாம் மாற்றி, அளவைக் கூட்டி வைத்தார். குழாய், பில்டர் எல்லாம் புதுசு. புகை போகும் வேகத்தில் சுற்றி என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றினார். மேசையில் வைத்துச் சோதித்தால் சொட்டுப் பிசகாது. ரோட்டில் விட்டால் புகைதான் கூடியது, இழுவை கூடவில்லை. புகை வந்தால் இன்னும் கொஞ்சம் திருகுவார். சாத்தூர் ரோட்டில் அந்தக் கார் போனால் பின்னால் வருகிறவர்கள் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வார்கள். "சோறு போடப் போட மெலியுதே, இது எந்த ஊரு பிள்ள?" என்று அக்கா கேலி செய்வாள். அவர் சிரிக்க மாட்டார். கோடை கழிந்துகொண்டிருந்தது. சுவரில் ஒட்டிய மலைப்படத்தைப் பார்க்காமல் சாப்பிட, அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்ததை நான் கவனித்தேன்.

இரண்டாம் முறை போனபோது நானும் போனேன். முதல் பத்துப் பன்னிரண்டு வளைவு எப்படியோ ஏறிவிட்டோம். பிறகு அதே கதை. ஒரு டீக்கடை ஓரமாக வண்டி நின்றது. அத்தான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கோயிலில் நிற்பவர் போல நின்றார். அக்கா டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள். அங்கே முட்டைக்கோஸ் லாரிக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார், எங்கள் ஊர் ஆள் இல்லை. காரைச் சுற்றி வந்தவர் பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"ஏங்க, வண்டி வாயை எதுக்குக் கட்டி வச்சிருக்கீங்க?"

சைலன்சர் முனையில் மாட்டியிருந்த கம்பி வலை அது. நாங்கள் சல்லடை என்போம். பட்டாசுக் கம்பெனிக்குள் எந்த வண்டி நுழைந்தாலும் அது இருக்க வேண்டும். புகையோடு ஒரு பொறி வெளியே வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பெனி வேன்களைப் பழுது பார்க்கப் போகும் அத்தான், தன் காருக்கும் அதை மாட்டி வைத்திருந்தார். அதைக் கழற்றுவது என்பது, சட்டை இல்லாமல் கல்யாண வீட்டுக்குப் போவது மாதிரி. புகை வெளியேறாவிட்டால் டர்போ சுற்றாது, டீசல் எரியாது என்பது அவருக்குத் தெரியாதா? கரி அடைத்த அந்த வலைக்குப் பின்னால் எத்தனை டீசல் ஊற்றினாலும் கரிதான் கூடும் என்பது தெரியாதா? எல்லாம் தெரியும். கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். எனக்கும் படவில்லை. எங்கள் ஊரில் எவருக்கும் பட்டிருக்காது.

ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்தவர் அப்படியே இருந்தார். கை வரவில்லை. சுற்றிலும் மலையும் பச்சையும் ஈரமும். ஆனாலும் பொறியைத் திறந்துவிடுகிறோம் என்ற பயம். அக்காதான் பெஞ்சிலிருந்து சொன்னாள். "கழட்டுங்க. இங்கன கம்பெனி இல்ல." அவர் கழற்றினார். பிறகு முன்பக்கம் போய், பம்பில் கூட்டி வைத்ததில் கொஞ்சத்தைக் குறைத்துத் திருகினார். வண்டியைக் கிளப்பியபோது எங்கிருந்தோ ஒரு மெல்லிய விசில். வாங்கிய நாளிலிருந்து அந்த டர்போ சத்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை. புகை தெளிந்தது. வளைவுகள் தாமாகவே எங்கள் அடியில் சுருண்டு போவது போலிருந்தது. அக்கா ஜன்னலில் தலை சாய்த்து, தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று தெரியாமல் வந்தாள்.

மேலே போனால் பளீரென்று வெயில். அத்தான் முகம் தொங்கிவிட்டது. "காயப்போட நல்ல வெயிலு" என்றாள் அக்கா. மூவரும் சிரித்தோம், அவளுக்கு இருமல் வந்தது, இருமிக்கொண்டே சிரித்தாள். ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து காத்திருந்தோம். சாயங்காலம் ஆகும் முன்பு பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து வந்தது. முதலில் மரங்கள் போயின, பிறகு கார், பிறகு ரோடு. தரையில் வெளிச்சம் மங்கியதுதான் தாமதம், அக்கா விருட்டென்று எழுந்துவிட்டாள். கைகள் இரண்டும் முன்னால் நீண்டு எதையோ அள்ளப் போயின. கண்கள் முற்றத்தைத் தேடின. அத்தான் அவள் கையைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தார்.

"இரு. இங்கன ஒண்ணும் நனைஞ்சு போகாது."

அவள் உட்கார்ந்தாள். முகமெல்லாம் ஈரம். மேகமா, அழுகிறாளா என்று நான் பார்க்கவில்லை. மேகம் விலகும் வரைக்கும் அவள் அவர் கையை விடவே இல்லை.

அடுத்த கோடைக்கு அக்கா இல்லை. டாக்டர் சொன்னது சரியாகப் போயிற்று. அத்தான் இப்போதும் பம்பு ரூமுக்குப் போய்வருகிறார். காரை எப்போதோ விற்றாயிற்று. வானம் இருண்டால் தெருவே பரபரக்கும். வத்தல், துணி, விறகு என்று ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுவார்கள். அவர் மட்டும் வாசல் நாற்காலியை விட்டு அசைய மாட்டார். வயதாகிவிட்டது, சோம்பல் என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள். மாடியில் என் துணிகளும் காய்கின்றன. எழுந்த கால்களை நிறுத்திக்கொண்டு நானும் கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். நனைந்தால் நனையட்டும்.