உங்கட வீடெண்டு சொல்லிப்போட்டன்

இண்டைக்கு வவுனியா அகதி முகாமில மொழிபெயர்க்கப் போய் வசமா மாட்டுப்பட்டுப்போனன்.

ஸ்பெயினில இருந்து வந்த நேர்ஸ் மிசிக்கு இங்கிலீசு அரைகுறை. கிளினிக்கில மாட்டியிருந்த இங்கிலீசு வரவேற்புப் பலகையை அகராதியை வச்சு ஸ்பானிசுக்கு மாத்திக்கொண்டிருந்தா.

"உங்கட வீடு மாதிரி நினைச்சு இருங்கோ, அதுதான் கருத்து" எண்டு விளங்கப்படுத்தினன்.

"எங்கட பாசையில 'மாதிரி' வராது. 'நீங்கள் உங்கட வீட்டில இருக்கிறியள்' எண்டுதான் சொல்லுவம்" எண்டா. முகாமில இருந்து மருந்தெடுக்க வந்து பக்கத்தில இருந்த கனகராயன்குளத்து அக்காவுக்கும் அப்பிடியே சொல்லச் சொன்னா.

சொன்னன்.

அக்கா உடன எழும்பினா. "அப்ப நல்லதாப் போச்சு. செட்டிகுளத்தில இருந்து என்ர தங்கச்சி வந்து விடிய இருந்து முள்ளுக்கம்பிக்கு வெளியில நிக்கிறாள். பாஸ் இல்லையாம், விடேல்லை. வீட்டுக்கு வந்தவளைப் படலையில நிக்க வைக்கலாமே? உள்ள கூப்பிடட்டே?"

"என்ன சொல்லுறா?" எண்டு மிசி கேட்டா. சொன்னன்.

வாசலில துவக்கோட நிண்ட ஆமிக்காரரை மிசி பார்த்தா. பிறகு அகராதியை மூடி வச்சிட்டா.

பலகைக்கு வேற வசனம் தெரிஞ்சவை கீழ எழுதுங்கோ. வீடு எண்ட சொல் மட்டும் வேண்டாம்.

தமிழில சொன்னது நானெல்லோ. நாளைக்கும் அக்கா என்னைத்தான் கேப்பா.