நாலு லைசன்சுக்கு ஏழு பேர்

விசுவமடுவில் ஒரு கமக்காரர் சங்கத்தில் கணினிக்குப் பொறுப்பாக வேலை பார்க்கிறேன். கணினி விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. வாயும் கொஞ்சம் நீளம். இரண்டும் சேர்ந்து போன வருடம் ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தன.

உதவித் திட்டமொன்றில் எங்களுக்கு ஒரு சேர்வர் கிடைத்தது. பின் அறையில் இருக்கும் அது ஒன்றுதான் உண்மையான கணினி. மேசைகளில் திரையும் விசைப்பலகையும் ஒரு சின்னப் பெட்டியும் மட்டுமே. கடிதம் அடிப்பதும் அட்டவணை போடுவதும் எல்லாம் சேர்வருக்குள்ளேதான் நடக்கும். மேசைகள் ஏழு. அந்த வேலைகளுக்கான மென்பொருளுக்கு வந்த லைசன்ஸ் நாலு.

தலைவர் தாடையைத் தடவினார். "மற்ற மூண்டு பேரும் என்ன செய்யிறது, பிள்ளை?"

"அது ஒரு பிரச்சினையே இல்லை ஐயா. வாய்க்கால் தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி இதுக்கும் முறை வைப்பம். ஒரு நேரத்தில நாலு பேர் மட்டும் திறந்தாச் சரி" என்றேன்.

முறைத் தண்ணீரில் நெல் விளைவிக்கிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. முறைப் பட்டியலை எழுதும் பொறுப்பு எங்கள் தட்டச்சாளரிடம் போனது. உடையார்கட்டிலிருந்து பஸ்ஸில் வருபவர். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். நான் ஒரு வரியைச் சொல்லி முடிக்குமுன் அவர் அடித்து முடித்திருப்பார். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதம் போனால் நிரந்தரம். யார் எத்தனை மணிக்கு இருந்தார், எப்போது எழும்பினார் என்று ஒரு கொப்பியில் பிசகாமல் குறித்து வந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. மென்பொருள் தந்த கொழும்புக் கடைக்கு வேறு அலுவலாகத் தொலைபேசி எடுத்தபோது, எங்கள் முறைப் பட்டியலைப் பற்றிப் பெருமையடித்தேன். அங்கே பேசிய பெண் குறுக்கிட்டார்.

"மிஸ், அப்படிச் செய்ய ஏலாது. ஒரே நேரத்தில எத்தனை பேர் பாவிக்கிறீங்க என்று எண்ணுறதில்லை. சேர்வரில இருக்கிற அதைத் திறக்கக்கூடிய மெசின் எத்தனையோ, அத்தனைக்கும் லைசன்ஸ் வேணும். ஏழு மெசினுக்கு ஏழு."

"முறை வைச்சுத்தானே குடுக்கிறம்?"

"ஒரு மெசினுக்குக் குடுத்ததை மூண்டு மாசத்துக்கு இன்னொரு மெசினுக்கு மாத்தவும் ஏலாது மிஸ்."

வரப்பில் சும்மா குந்தியிருப்பவனுக்கும் தண்ணீர்க் கணக்கு எழுதுவார்களா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் விதி விதிதான். இன்னும் மூன்று வாங்கச் சங்கத்தில் காசும் இல்லை. இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அரசாங்கத் திணைக்களத்துப் படிவங்கள் அதில் கட்டம் கலைந்து, கண்ணால் பார்க்க முடியாமல் வந்தன.

விஷயத்தைச் சொன்னதும் தலைவர் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் முடிவெடுத்துவிட்டார். "மூண்டு மெசினைக் கழட்டுவம். மேசை இல்லாமல் ஆள் என்னத்துக்கு? கடைசியாச் சேந்த பிள்ளையை மாதம் முடிய நிப்பாட்டுவம்."

முறை என்று சொன்னது நான், பீற்றிக்கொண்டது நான், வீட்டுக்குப் போகப்போவது தட்டச்சாளர். அந்தச் செய்தியை அவரிடம் சொல்ல வேண்டியவளும் நானே. சொன்னேன். அழுவார் என்று பயந்திருந்தேன். அவர் கொப்பியை எடுத்து விரித்தார்.

"அக்கா, அவங்க மெசினைத்தானே எண்ணுறாங்க? ஆளை எண்ணலையே?"

"ஓம்."

"அப்ப லைசன்ஸ் இருந்த இடத்துலயே இருக்கட்டும். நாம எந்திரிச்சுப் போய் மாறி மாறி உக்காருவோம்."

கொப்பியைப் பார்த்தால், எங்கள் ஏழு பேரில் வயல் பார்க்கப் போகிற மூன்று பேரும் காலையில் அலுவலகத்திலேயே இருப்பதில்லை. ஒரு நாளாவது யாரும் முறைக்குக் காத்திருந்ததாக அதில் இல்லை. உடனே கொழும்புக்கு எடுத்தேன், இந்த முறை பவ்வியமாக. லைசன்ஸ் உள்ள மெசினில் எத்தனை பேர் மாறி மாறி இருந்தாலும் குற்றமில்லை என்றார் அந்தப் பெண். கணினி படித்த எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஒரு சிக்கல் மிச்சம். நாலு லைசன்சில் ஒன்று தலைவரின் மெசினுக்கு, ஒன்று என்னுடையதுக்கு. தலைவருடையதற்குப் பின்னல் துணி போர்த்தியிருந்தது. வந்த நாளிலிருந்து யாரும் அதை விலக்கியதில்லை. அந்த மெசினைப் பொது மேசைக்குத் தருவீர்களா என்று கேட்டேன்.

"கொண்டு போங்கோ. நான் கையெழுத்து வைக்கிற ஆள்தானே. துணியை மட்டும் தந்திட்டுப் போங்கோ, மனுசி கேப்பா" என்றார். அந்தப் பிள்ளை நிற்கட்டும் என்றும் சொன்னார்.

என்னுடையதை நானும் கொடுத்தேன். முகத்தில் சிரிப்பு, உள்ளே எரிச்சல். லைசன்ஸ் இல்லாத மூன்று பெட்டிகளும் கழன்று அலுமாரிக்குள் போயின.

மாத முடிவில் அவருடைய நியமனக் கடிதத்தை என் கையாலேயே அடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பழைய என் மெசினில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி இரண்டாவது பந்திக்கு வந்திருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, எந்திரிங்க. மணி பத்து. இப்ப என் முறை."

"உங்கட கடிதம்தான் அடிக்கிறன்."

"அப்படியே விடுங்க. நான் முடிக்கிறேன்."

எழும்பினேன். அவர் உட்கார்ந்து, தான் நிரந்தரமாக்கப்படுவதைத் தானே ஒரு நிமிடத்தில் அடித்து முடித்தார். என் இரண்டு பந்திகளிலும் இருந்த பிழைகளைத் திருத்த அவருக்கு அதைவிடக் கூட நேரம் எடுத்தது.